இரண்டாவது முறை கூப்பிட்டபோது

மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. கையில் சீட்டுக்கட்டு மாதிரி ஒரு கட்டு அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு படம்.

"மாடு வந்தா மேசையைத் தட்டணும். நாய் வந்தா தட்டக் கூடாது. கையை மடியிலயே வெச்சுக்கணும். சரியா சாரா?"

"சரி மிஸ்."

"எங்கே, நீயே ஒருதரம் சொல்லு."

"மாடுன்னா தட்டோணும். நாய்னா கம்முனு இருக்கோணும்."

சாரா என் அண்ணன் மகள் ஜெனியின் மகள். ஆறு வயது. பள்ளிக்கூடத்தில் கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் பதிலைக் கத்திவிடுகிறாள், வரிசையில் நிற்பதில்லை, பக்கத்துப் பிள்ளையின் பென்சிலைப் பிடுங்கிவிடுகிறாள் என்று புகார். யாரிடமாவது காட்டுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஜெனியின் கணவர் போர்வெல் ரிக் வண்டியோடு வடநாட்டில் இருந்தார். அதனால் துணைக்கு நான் போனேன். சேலத்தில் ஒரு மாடிக் கட்டடத்தில் குழந்தைகளுக்கான ஆலோசனை மையம். ஃபேன் சத்தமும் கீழே பஸ் ஹாரனும் கேட்கிற ஒரு சின்ன அறை.

மாடு, மாடு, மாடு. தட், தட், தட். சாராவுக்கு ஒரே குஷி. நாற்காலியில் முட்டி போட்டு ஏறிக்கொண்டாள். இன்னும் இரண்டு மாடு. அப்புறம் நாய்.

தட்.

கை மேசையில் விழுந்த அடுத்த நொடியே அதை இழுத்துக்கொண்டாள். இழுத்த கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், அது வேறு யாருடையதோ போல.

"நாய்னு தெரியும் மிஸ். கைதான் போயிருச்சு."

எனக்குச் சுருக்கென்றது. ஒன்றாம் வகுப்பு டீச்சராக இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இதே பதிலை எத்தனையோ பிள்ளைகள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். "தெரிஞ்சுகிட்டே செஞ்சியா? அப்ப அது திமிரு" என்பதுதான் ஒவ்வொரு முறையும் நான் கொடுத்த தீர்ப்பு. பெஞ்சு மேல் ஏற்றியிருக்கிறேன்.

கடைசியாகத்தான் வளரும்

ஆட்டம் முடிந்ததும் சாராவைப் பொம்மைகள் இருந்த மூலைக்கு அனுப்பிவிட்டு அந்தப் பெண் எங்களிடம் பேசினார்.

"பயப்பட ஒண்ணுமில்லீங்க. வயசுக்குக் கொஞ்சம் முன்னபின்ன இருக்கா, அவ்வளவுதான். ரூல் அவளுக்கு நல்லாத் தெரியும். நம்மளைவிட அழகாச் சொன்னா பாருங்க. ஆனா தெரியறது வேற, கையை நிறுத்தறது வேற. நிறுத்தற வேலையைப் பாக்கிற இடம் மூளையில முன்பக்கம் இருக்கு. அதுதான் கடைசியா வளரும்."

"எப்ப வளருமுங்க?" என்று கேட்டாள் ஜெனி.

"மூணு வயசுல சுத்தமா முடியாது. ஆறு ஏழுல கொஞ்சம் கொஞ்சம் வரும். பத்து வயசுல நல்லா இருக்கும். முழுசா முடிய இருபது வயசு தாண்டணும். அதுவரைக்கும் சில நேரம் நிறுத்த முடியும், சில நேரம் முடியாது. சந்தோஷமா இருக்கும்போது ரொம்பவே கஷ்டம். பிடிச்ச ஆளு கூப்பிட்டா அவ்வளவுதான், எல்லாம் மறந்துடும்."

பிறகு வீட்டில் விளையாட வேண்டிய சில விளையாட்டுகளைச் சொன்னார். நில், ஓடு என்று மாற்றி மாற்றிச் சொல்கிற விளையாட்டு. பாட்டு நின்றால் சிலை மாதிரி நிற்கிற விளையாட்டு. எல்லாம் சொல்லிவிட்டு, எழுந்துகொள்கிற நேரத்தில் இன்னொன்றும் சொன்னார்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் கண்டிப்பா ஞாபகம் வெச்சுக்குங்க. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு இவளைக் கூப்பிடாதீங்க. எப்பவுமே. அவ பக்கம் போய்க் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வாங்க."

ஜெனி சிரித்தாள். "அதை எங்கிட்டயே சொல்றீங்களா மேடம்? என்ற காலைப் பாத்தீங்கல்ல? நானே அப்படி ஓடுனவதான். யாருமே கூப்பிடலை. அம்மா நில்லுன்னு சொல்லிட்டுப் போயிருக்குது, நானா ஓடிட்டேன். கேளுங்க, எங்க அத்தை அங்கயேதான் நின்னுட்டு இருந்தாங்க."

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன்.

ஆமாம் என்று தலையாட்டினேன். நாற்பத்தாறு வயதில், வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு, கழுத்தில் ஜெபமாலை தொங்க, இன்னொரு முறை அந்தப் பொய்யைச் சொன்னேன்.

நல்ல டீச்சர்

இத்தனை வாரமாக இந்தப் பத்திரிகைத் தொடரில் என்னை நல்லவளாகவே காட்டி வந்திருக்கிறேன். படிக்காத பிள்ளையைப் படிக்க வைத்தது, பள்ளியை நிறுத்திய பிள்ளையை வீடு தேடிப் போய் அழைத்து வந்தது எல்லாம் எழுதினேன். அவை பொய்யில்லை. போன வாரம் ஆத்தூரிலிருந்து ஒரு வாசகி, 'உங்களைப் போல ஒரு டீச்சர் எனக்குக் கிடைக்கவில்லையே' என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை இரண்டு நாள் மேசைமேல் வைத்திருந்தேன். பிறகு எடுத்து இழுப்பறைக்குள் போட்டேன்.

இதை எழுதலாமா என்று ஜெனியிடம் கேட்டேன். "எழுதுங்க. உங்க பேரைப் போட்டு எழுதுங்க" என்றாள்.

பஞ்சு மிட்டாய்

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. சேலத்தில் விடுதியில் தங்கி ஆசிரியர் பயிற்சி படித்துக்கொண்டிருந்தேன். அப்பா அம்மா இல்லை. அண்ணன் வீடுதான் எனக்கு வீடு.

நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோடு போகிற ரோட்டில் அந்த வீடு. லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறை ஒன்றில் அண்ணன் பெயின்டர். பட்டறைக்கும் வீட்டுக்கும் நூறடிகூட இருக்காது. காற்றிலேயே தின்னர் வாசம் அடிக்கும். வீட்டு கேட்டைத் திறந்தால் நாலடி மண், அப்புறம் தார் ரோடு. எதிர்ப்பக்கத்தில் பஸ் நிற்கும் புளியமரம்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சனிக்கிழமை மத்தியானம் வருவேன். பஸ் சத்தம் கேட்டாலே ஜெனி கேட்டுக்கு ஓடி வருவாளாம். அண்ணி ஸ்டெல்லா பின்னாலேயே வந்து கையைப் பிடித்துக்கொள்வார். நான் ரோட்டைத் தாண்டிப் போனதும் இரண்டு பேரையும் கட்டிக்கொள்வேன். எப்போதும் அப்படித்தான்.

ஜெனி என்மேல் உயிராக இருந்தாள். அதில் எனக்குப் பெருமை. பெருமை என்றுகூடச் சொல்ல முடியாது, எனக்கு வேறு யாரும் இல்லை. விடுதியில் இருந்த மற்றவர்களுக்குத் தபாலில் பலகாரமும் பணமும் வரும், அம்மா வருவார். நான் ஜெனியைப் பற்றிப் பேசுவேன். என் தோழி வசந்திக்கு அந்தப் பேச்சு அலுத்துப்போயிருக்கும். "அப்படி என்னதான் அந்தப் புள்ள, நானும் பாக்கறேன்" என்று அந்தச் சனிக்கிழமை என்னோடு கிளம்பி வந்தாள்.

நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் ஜெனிக்குப் பஞ்சு மிட்டாய் வாங்கினேன். ரோஸ் நிறம். பிளாஸ்டிக் பையில் காற்றோடு கட்டிக் கொடுத்தான். பஸ்ஸில் வரும்போதே வசந்தியிடம், "பாரு, என்னைப் பாத்ததும் எப்படிப் பறந்து வருவான்னு" என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

புளியமரத்தடியில் இறங்கினோம். பஸ் போனது. எதிரே ஜெனி, மண்ணில், தார் ரோட்டின் விளிம்பில், நீலப் பாவாடையோடு. அண்ணியைக் காணவில்லை. கேட் திறந்து கிடந்தது.

நான் இரண்டு கையையும் விரித்தேன். "ஜெனீ! ஓடியா!"

அவள் ஒரு காலைத் தாரில் வைத்தாள். வைத்துவிட்டுக் கேட்டைத் திரும்பிப் பார்த்தாள். வைத்த காலைப் பின்னால் எடுத்துக்கொண்டாள். பாவாடையை இரண்டு பக்கமும் இரண்டு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். உடம்பு முழுக்கத் துள்ளியது. கால் மட்டும் நகரவில்லை.

நின்றாள். ஆறு வயதுப் பிள்ளை, தன்னைத்தானே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னப்பா, வரலையே!" என்று வசந்தி சிரித்தாள்.

அது கேலிகூட இல்லை, சும்மா சொன்னதுதான். ஆனால் எனக்குக் காது சூடாகிவிட்டது. பஞ்சு மிட்டாய்ப் பையைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினேன். "ஜெனி, பாரு உனக்கு என்னன்னு! வாடி தங்கம், சீக்கிரம் வா!"

நான் ரோட்டைப் பார்க்கவில்லை. ஜெனி முகத்தைப் பார்த்தேன், பிறகு வசந்தி முகத்தைப் பார்த்தேன், அவள் பார்க்கிறாளா என்று. பாவாடையை விட்டுவிட்டு ஜெனி ஓடி வந்ததை வசந்தி முகத்தில்தான் கண்டேன். அந்த முகம் மாறியதையும்.

ஒரு வாக்கியம்

வந்தது முட்டை வண்டி. டிரைவர் பிரேக் போட்டு ஒடித்ததில் வண்டி மண்ணில் இறங்கிச் சாய்ந்தது. அதனால்தான் பிள்ளை உயிரோடு கிடைத்தாள். அட்டை அட்டையாக முட்டைகள் சரிந்து தாரில் உடைந்தன. வெயிலில் கொதித்துக் கிடந்த தாரில் மஞ்சள் கருவெல்லாம் ஓடியது. அந்தப் பச்சை முட்டை வாடை எனக்கு இன்றும் மூக்கில் ஏறும். பள்ளியில் சத்துணவு முட்டை வருகிற நாளெல்லாம் நான் சமையல் கூடத்துப் பக்கம் போக மாட்டேன். டீச்சருக்கு முட்டை ஆகாது என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பட்டறையிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். டிரைவர் ஒல்லியான மனிதர். தலையில் கை வைத்துக்கொண்டு, "அக்கட்ட இருந்து யாரோ கூப்புட்டாங்கங்க, அதான் புள்ள ஓடியாந்துருச்சுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். யாரோ அவரை அறைந்தார்கள். இன்னொருவர் சட்டையைப் பிடித்தார். நான் நாலடி தூரத்தில் நின்றிருந்தேன்.

அண்ணன் வந்தார். கையெல்லாம் பச்சைப் பெயின்ட். ஜெனியைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்துக் கத்தினார்.

"எப்படி ஆச்சு ரெஜினா?"

"நான் பஸ்ஸை விட்டு எறங்கறதுக்குள்ளயே பாத்துட்டு ஓடியாந்துட்டாண்ணா."

யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது. அந்த ஒரு வாக்கியம் எங்கள் குடும்பத்துக்குச் சரித்திரமாகிவிட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணி அழுதுகொண்டே சொன்னார்: "நான் வர்ற வரைக்கும் நில்லு சாமின்னு சொல்லிட்டுத்தானுங்க போனேன். அடுப்புல பால் பொங்குற வாசம் வந்துச்சு, அமத்திட்டு ஓடியாந்துரலாம்னு..."

"சொன்னா புள்ள நிக்குமா? கையைப் புடிச்சுக்கோணுமா வேண்டாமா?"

சொல்லிக்கொண்டே அண்ணன் அறைந்தார். அவர் அதற்கு முன் அண்ணியை அடித்து நான் பார்த்ததில்லை. வராந்தாவில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணியின் கன்னத்தில் பச்சைப் பெயின்ட் ஒட்டியிருந்தது.

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். வசந்தி என் பக்கத்தில்தான் இருந்தாள். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். நான் அவள் பக்கம் திரும்பவில்லை. சாயந்திர பஸ்ஸில் அவள் விடுதிக்குப் போய்விட்டாள். படிப்பு முடிகிற வரை ஒரே அறையில்தான் இருந்தோம், ஆனால் அந்தச் சனிக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. பிறகு கடிதம்கூட இல்லை.

அதன் பிறகு

ஜெனிக்குத் தொடை எலும்பு, முழங்காலுக்கு மேலே. கூடிவிட்டது. ஆனால் வளர வளர அந்தக் கால் மற்றதற்கு ஈடுகொடுக்கவில்லை. இப்போதும் இடது செருப்பில் ஒரு அங்குலம் கூடுதலாக அட்டை வைத்துத்தான் நடக்கிறாள்.

அண்ணி ஒரு கார்மென்ட்ஸில் தையல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். சூபர்வைசர் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். அண்ணன் நிறுத்திவிட்டார். "ஊட்டுல இருந்து புள்ளையப் பாரு, அதுவே உனக்கு ஒழுங்கா வரலை" என்றார். அண்ணி எதிர்த்துப் பேசவில்லை. அவரே அதை நம்பிவிட்டார் என்று நினைக்கிறேன்.

அதைவிட ஒன்று. அண்ணி ஜெனியின் மணிக்கட்டைப் பிடித்தார் என்றால் விடவே மாட்டார். கோயிலில், கடையில், பள்ளி வாசலில், பதினாலு வயது வரைக்கும். ஜெனிக்குக் கூச்சமாக இருக்கும், உதறுவாள். "உன்னை நம்ப முடியாது. எம்பேச்சை நீ என்னைக்குக் கேட்ட?" என்பார் அண்ணி. அந்த வீட்டில் அம்மாவுக்கும் மகளுக்கும் நடந்த சண்டை எல்லாமே இந்த வார்த்தையில்தான் போய் முடியும். எம்பேச்சை நீ என்னைக்குக் கேட்ட? நான் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

இன்னும் வெட்கமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பள்ளியில் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ரோடு தாண்டுவதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நான் ஜெனியின் கதையைச் சொல்வேன். "எங்க அண்ணன் பொண்ணு, உங்க வயசுதான். அம்மா நில்லுன்னு சொல்லியும் கேக்கலை. என்ன ஆச்சு தெரியுமா?" பிள்ளைகள் கண்ணை விரித்துக் கேட்பார்கள். ஒருமுறை மேலதிகாரி ஒருவர், மனதில் பதியும்படி சொன்னீர்கள் டீச்சர் என்று பாராட்டினார். நான் நன்றி சொன்னேன்.

ஒவ்வொரு தவக்காலத்திலும் பாவசங்கீர்த்தனம் செய்தேன். "ஒரு பொய் சொன்னேன் சாமி" என்பேன். என்ன பொய் என்று எந்தச் சாமியாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. கொடுத்த ஜெபங்களைச் சொல்லி முடித்துவிட்டு, லேசான மனதோடு வெளியே வந்திருக்கிறேன். வந்து அண்ணி வீட்டிலேயே சாப்பிட்டிருக்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன் அண்ணன் இறந்துவிட்டார். கடைசி நாட்களில்கூட, ஜெனி நடப்பதைப் பார்க்கும்போது அண்ணியைத் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார். அவரிடம் நான் சொல்லவில்லை. இனி சொல்லவும் முடியாது.

விரல் விட்டு எண்ணியது

மறுபடி அந்த மாடி அறைக்கு வருகிறேன். முழுசா முடிய இருபது வயசு தாண்டணும் என்று அந்தப் பெண் சொன்னார் அல்லவா? அதைக் கேட்டதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? கைப்பைக்கு அடியில் விரல் விட்டு எண்ணினேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு. முழுக்க வளர்ந்திருக்காதோ? வசந்தி சிரித்ததும் என்னால் என்னை நிறுத்த முடியாமல் போனதற்கு அதுதான் காரணமோ? ஒரு நிமிஷம் மனதுக்கு இதமாக இருந்தது.

அந்த இதம்தான் என்னை உடைத்தது. ஆறு வயதுப் பிள்ளை தன் பாவாடையைப் பிடித்துக்கொண்டு செய்த காரியத்தை இருபத்திரண்டு வயதில் நான் செய்யவில்லை. சரி, அதை விடுங்கள், அது ஒரு நொடி. அதற்குப் பின்னால் இருபத்து நாலு வருஷம்? சொல்ல வேண்டும் என்று எத்தனையோ முறை நாக்கு நுனி வரைக்கும் வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் நிறுத்தினேன். எவ்வளவு கச்சிதமாக நிறுத்தினேன்! அண்ணி அடி வாங்கும்போது, ஜெனி நொண்டி நொண்டி நற்கருணை வாங்கப் போகும்போது, அண்ணனைப் பெட்டியில் வைக்கும்போது. தன்னை நிறுத்திக்கொள்கிற சக்தி எனக்கு முழுதாகவே வந்துவிட்டது. நான் அதை எதற்குச் செலவழித்தேன் என்பதுதான் கேள்வி.

ராசிபுரம் தாண்டி

திரும்பி வரும் பஸ்ஸில் சாரா ஜெனியின் மடியில் தூங்கிவிட்டாள். ராசிபுரம் தாண்டியதும் சொன்னேன்.

"ஜெனி, அன்னைக்கு நீயா ஓடி வரலை. நான் கூப்பிட்டேன்."

பஸ் சத்தத்தில் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். ஜன்னல் பக்கம் பார்த்தபடியே பேசினாள்.

"எனக்கு எதுவுமே ஞாபகமில்லைங்கத்தை. நீலப் பாவாடை போட்டிருந்தேங்கறதுகூட நீங்க சொல்லித்தான் தெரியும். நானா ஓடுனேன், நானா ஓடுனேன்னு கேட்டுக் கேட்டு, அப்படி ஓடுன மாதிரியே எனக்குக் கனவெல்லாம் வந்திருக்குது."

நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். அவள் சாராவின் தலையைச் சரி செய்வது போல் கையை எடுத்துக்கொண்டாள்.

"இவ ஒண்ணு செஞ்சா, என்னை மாதிரியே பொறந்திருக்குது, சொன்ன பேச்சு கேக்காத வம்சம்னு நானே திட்டியிருக்கேன். போன வாரம் அடிச்சேன்." சொல்லிவிட்டு அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அம்மாகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லோணும். இன்னைக்கே" என்றாள்.

இரண்டு முறை கூப்பிட்டேன் என்பதை அப்போதும் நான் சொல்லவில்லை. கூப்பிட்டேன் என்றுதான் சொன்னேன். அவ்வளவு அழுகைக்கு நடுவிலும் பாதியை மறைத்துக்கொண்டேன்.

அண்ணியின் கேள்வி

நாங்கள் போனபோது அண்ணி அடுப்படித் தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "வாம்மணி. டாக்டர் என்ன சொன்னாங்க? டீ வெக்கட்டுமா?" என்றார். சாரா டிவி பக்கம் ஓடினாள். ஜெனி கதவு நிலையில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

நான் தரையில் உட்கார்ந்தேன். சொன்னேன். இந்த முறை எல்லாவற்றையும் சொன்னேன். வசந்தியிடம் பெருமையடித்தது, கையை விரித்தது, முதலில் கூப்பிட்டது, அவள் வராதது, மிட்டாயைத் தூக்கிக் காட்டி மறுபடி கூப்பிட்டது, ரோட்டைப் பார்க்காதது, அண்ணனிடம் பொய் சொன்னது, வராந்தாவில் வாயை மூடிக்கொண்டு நின்றது. சொல்லும்போது அண்ணி முகத்தைப் பார்க்கவில்லை. கீரையைத்தான் பார்த்தேன். உருவிக்கொண்டிருந்த விரல்கள் ஒரு இடத்தில் நின்றுவிட்டன.

திட்டுவார் என்று காத்திருந்தேன். அடித்தாலும் பரவாயில்லை என்றிருந்தேன்.

அண்ணி கேட்டார்: "மறுக்கா கூப்பிட்டியா? அப்ப மொதல்ல நீ கூப்பிட்டப்ப?"

"மொதல்ல வரலை அண்ணி."

"வரலைன்னா?"

"நின்னா. ஒரு காலை எடுத்து வெச்சா. அப்புறம் கேட்டைத் திரும்பிப் பாத்தா, உங்களைத் தேடி. பாத்துட்டுக் காலைப் பின்னாடி எடுத்துக்கிட்டா. பாவாடையை ரெண்டு கையிலயும் புடிச்சுக்கிட்டு அங்கயே நின்னா."

"நான் நில்லுன்னு சொன்னேன்னு நின்னாளா?"

"ஆமாங்க அண்ணி."

அண்ணி மடியிலிருந்த கீரையோடு அப்படியே எழுந்தார். இலையெல்லாம் தரையில் கொட்டியது. கதவருகே நின்ற ஜெனியின் மணிக்கட்டைப் பிடித்தார். "நீ நின்னியாஞ் சாமி. எம்பேச்சைக் கேட்டு நின்னியாம். உனக்குத் தெரியுமா? நின்னியாம்" என்றார். முப்பது வயது ஜெனி கையை உதறவில்லை. அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

எனக்கு எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. யாரும் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. அண்ணி என் பக்கமே பார்க்கவில்லை. மன்னிப்பு என்ற சொல்லை நான் இரண்டு முறை சொன்னேன். அது அவர் காதில் விழுந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கொஞ்ச நேரம் கழித்து அண்ணி வந்து என் எதிரே உட்கார்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னொருக்கா சொல்லு," என்றார். "எம்புள்ள எப்படி நின்னா?"

அவள் நின்றதைச் சொல்ல வேண்டுமானால் அவளை நான் கூப்பிட்டதிலிருந்து தொடங்க வேண்டும். நின்றவள் பிறகு ஏன் ஓடினாள் என்பதைச் சொல்லாமல் முடிக்கவும் முடியாது. முதலிலிருந்து சொன்னேன். முடித்ததும் மறுபடி கேட்டார். அன்று சாயந்திரம் நான்கு முறை சொன்னேன். போன ஞாயிற்றுக்கிழமை போனபோதும் கேட்டார். சொன்னேன்.